ஐஸ் கட்டிக்காகக் கட்டிய வீடு

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அந்த வீட்டைப் பார்க்காமல் போக முடியாது.

கடலைப் பார்த்து நிற்கும் வீடு. முன்பக்கம் மற்ற வீடுகளைப்போல நேராக இல்லை. வளைந்து வட்டமாக இருக்கிறது. அதைச் சுற்றித் தாழ்வாரங்கள். வரிசை வரிசையாக ஜன்னல்கள். உச்சியில் அன்னாசிப் பழம்போல ஓர் அலங்காரம்.

இத்தனை ஜன்னல்கள் உள்ள இந்த வீட்டுக்கு ஆதியில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது!

ஏன்? அது மனிதர் குடியிருக்கக் கட்டிய வீடு அல்ல. ஐஸ் கட்டியைப் பூட்டி வைப்பதற்காகக் கட்டிய வீடு. வெளிச்சம் வரக்கூடாது. காற்று வரக்கூடாது. வெயில் எட்டிப் பார்க்கவே கூடாது. அதனால் சுவர்களை மட்டும் கனமாக எழுப்பி, ஜன்னல் வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

அதுதான் "ஐஸ் ஹவுஸ்". கட்டியவர் ஓர் அமெரிக்கர். ஆண்டு 1842.

கடன்காரர் கண்ட கனவு

அவர் பெயர் பிரெடரிக் டூடர். ஊர் பாஸ்டன். பிறந்தது 1783-ல்.

பாஸ்டன் பக்கத்தில் குளிர்காலம் வந்தால் ஏரியும் குளமும் உறைந்துவிடும். மேலே மனிதர் நடக்கலாம். வண்டியே ஓட்டலாம். பணக்காரர் வீடுகளில் அந்த ஐஸை வெட்டி, நிலவறையில் போட்டு, கோடையில் எடுத்துச் சாப்பிடுவார்கள்.

டூடருக்கு ஒரு யோசனை வந்தது. "நமக்குச் சும்மா கிடைக்கும் இந்த ஐஸை வெயில் கொளுத்தும் நாடுகளுக்குக் கொண்டுபோய் விற்றால் என்ன?"

கேட்டவர்கள் சிரித்தார்கள். ஐஸைக் கப்பலில் ஏற்றினால் பாதி வழியில் தண்ணீராகிவிடும், கப்பல் முழுகிவிடும் என்று பயந்தார்கள். சரக்கு ஏற்றிக்கொள்ள ஒரு கப்பல்காரரும் முன்வரவில்லை. டூடர் விடவில்லை. சொந்தமாக ஒரு கப்பலை வாங்கினார். 1806-ம் ஆண்டில் 130 டன் ஐஸை ஏற்றிக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்குக்குப் போனார்.

ஐஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே இறக்கி வைக்க ஓர் இடம் இல்லை! கரையில் நின்றபடி கண்முன்னாலேயே உருகிப் போனது. பெருத்த நஷ்டம்.

அதில் அவர் ஒரு பாடம் படித்தார். ஐஸ் விற்கப் போகிற ஊரில் முதலில் ஐஸுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். சென்னை ஐஸ் ஹவுஸின் அஸ்திவாரம் உண்மையில் அந்த மார்ட்டினிக் நஷ்டத்தில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகும் அவர் பட்ட பாடு கொஞ்சமா? கடன் கொடுத்தவர்கள் விரட்டினார்கள். 1812-லும் 1813-லும் கடனுக்காகச் சிறையில் இருந்தார். வெளியே வந்து மறுபடியும் ஐஸ் வியாபாரமே செய்தார். பிடிவாதக்காரர்.

குளத்தை உழுதார்கள்!

ஐஸை எப்படி எடுத்தார்கள்? வயலை உழுவதுபோலக் குளத்தை உழுதார்கள்.

டூடரிடம் வேலை பார்த்த வையத் என்பவர் 1825-ல் ஒரு கருவி செய்தார். இரும்புப் பல் வைத்த கலப்பை போன்றது. உறைந்த குளத்தின்மேல் குதிரை அதை இழுத்துக்கொண்டு போகும். நேர் நேராகக் கோடு விழும். பிறகு குறுக்கே இழுத்தால் சதுரம் சதுரமாகக் கட்டம் விழும். கடப்பாரையால் தட்டினால் ஒரே அளவான கட்டிகள் பிளந்து வரும். ஒரே அளவாக இருந்ததால் கப்பலில் இடைவெளி இல்லாமல் அடுக்க முடிந்தது. இடைவெளி இல்லாததால் உருகுவதும் குறைந்தது.

அடுக்கிய கட்டிகளைச் சுற்றி மரத்தூள். ரம்பத்தில் மரம் அறுக்கும்போது விழுமே, அதே தூள்தான். மரத்தூளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அசையாத காற்று சூட்டை உள்ளே விடாது. மரவாடிகளில் கழித்துப் போட்ட குப்பைதான் அவருக்குப் பொன்னாக உதவியது.

1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து "டஸ்கனி" என்ற கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. உள்ளே 180 டன் ஐஸ். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வெயில் கொளுத்தும் பூமத்திய ரேகையை ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை தாண்ட வேண்டும். நான்கு மாதப் பயணம்.

செப்டம்பரில் கப்பல் கல்கத்தா வந்தது. திறந்து பார்த்தார்கள். சுமார் 100 டன் அப்படியே இருந்தது!

கல்கத்தா வெள்ளைக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அரசாங்கம் அந்த ஐஸுக்குச் சுங்க வரி வேண்டாம் என்றது. வெயிலில் உருகிவிடாமல் இரவிலேயே இறக்கிக்கொள்ளவும் அனுமதி கொடுத்தது. முதன்முதலில் ஐஸ் வாங்கிய ஒருவர் அதை வெயிலில் வைத்துவிட்டு, காணவில்லை என்று காசைத் திருப்பிக் கேட்டதாக ஒரு கதைகூட உண்டு.

காப்பிக்கொட்டை வியாபாரத்தில் டூடருக்கு ஏற்பட்டிருந்த பெருங்கடனை அடைத்தது இந்திய ஐஸ் வியாபாரம்தான். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் ஐஸ் வீடுகள் எழுந்தன. மற்ற இரண்டும் இன்று இல்லை. சென்னையில் உள்ளதுதான் மிச்சம்.

அலை தாண்டி வந்த கட்டி

ஐஸ் வருவதற்கு முன்னால் சென்னைத் துரைமார்கள் என்ன செய்தார்கள்? வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லிடும். அதற்குள் பாட்டிலை அமுக்கி வைத்துக் குளிரவைப்பார்கள். இதற்கென்றே வேலைக்காரர்கள் இருந்தார்கள். நம் ஜனங்களுக்கு மண்பானை இருந்தது. அதற்குக் கப்பல் தேவையில்லை.

அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகமும் இல்லை. கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு வரும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகுகள் அவை. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். பாஸ்டன் குளத்தில் பிறந்த கட்டி கடைசியாகச் சென்னைப் படகோட்டிகள் கையில்தான் வந்து சேர்ந்தது.

ஐஸ் வீட்டைக் கடலோரமாகக் கட்டியதற்குக் காரணம் இப்போது புரிகிறதா? கரைக்கும் வீட்டுக்கும் தூரம் கூடினால் அத்தனைக்கு அத்தனை நஷ்டம். அன்று கடலும் இன்னும் அருகில் இருந்தது. துறைமுகம் கட்டிய பிறகுதான் மணல் சேர்ந்து கடற்கரை அகலமானது.

வீட்டுக்குள் ஐஸ் எத்தனை நாள் இருக்கும் என்பது கட்டிய விதத்தைப் பொறுத்தது. கனமான சுவர், குறைந்த வாசல் இவை மட்டும் போதாது. உருகிய தண்ணீர் கட்டியின் அடியில் தங்கினால் அதுவே மேலும் உருக்கும். தண்ணீர் உடனுக்குடன் வடிய வழி வேண்டும். டூடர் பல வருஷம் கட்டிப் பார்த்து, அளந்து பார்த்துத் தெரிந்துகொண்ட சங்கதிகள் இவை.

1846-47 குளிர்காலத்தில் டூடரின் ஆட்கள் வால்டன் என்ற குளத்தில் ஐஸ் வெட்டினார்கள். அதன் கரையில் தோரோ என்ற எழுத்தாளர் குடிசை போட்டு வாழ்ந்துகொண்டிருந்தார். தன் குளத்துத் தண்ணீரைச் சென்னையில் உள்ளவர்களும் குடிக்கப் போகிறார்களே என்று நினைத்து, அதைத் தன் புத்தகத்தில் எழுதி வைத்தார். அவர் எழுதிய சட்ட மறுப்புக் கட்டுரையைப் பிற்காலத்தில் காந்தியடிகள் விரும்பிப் படித்தார்.

1864-ல் டூடர் காலமானார். வியாபாரம் இன்னும் சில வருஷம் நடந்தது. 1874-ல் சென்னையிலேயே யந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனி வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் ஐஸ் கிடைக்கும்போது நான்கு மாதம் கடலில் வரும் ஐஸ் யாருக்கு வேண்டும்? 1880-ம் ஆண்டை ஒட்டி ஐஸ் ஹவுஸ் காலியாகிவிட்டது.

ஜன்னல் வைத்த வக்கீல்

காலி வீட்டை வாங்கியவர் பிலிகிரி அய்யங்கார். சென்னை ஐகோர்ட்டு வக்கீல்.

கிடங்கை யாராவது வீடாக்கிக் குடியிருப்பார்களா? அவர் ஆக்கினார். சுற்றிலும் வட்டமான தாழ்வாரங்கள் எடுத்தார். சுவரைத் திறந்து ஜன்னல்கள் வைத்தார். இன்று நாம் பார்க்கும் தோற்றத்தில் பெரும் பகுதி அவர் செய்ததுதான். தம்முடைய நண்பரான ஐகோர்ட்டு நீதிபதி கெர்னன் பெயரை வீட்டுக்கு வைத்தார். "காசில் கெர்னன்" என்றால் கெர்னன் கோட்டை என்று அர்த்தம். நண்பர் பெயரைச் சொந்த வீட்டுக்கு வைப்பவர்கள் எத்தனை பேர்! ஆனால் சென்னை ஜனங்கள் மட்டும் பழையபடி ஐஸ் ஹவுஸ் என்றே சொன்னார்கள்.

வீட்டின் ஒரு பகுதியை ஏழைகளும் மாணவர்களும் தங்க விட்டிருந்தார். அந்த வீட்டுக்குத்தான் 1897-ல் ஒரு பெரிய விருந்தாளி வந்தார்.

ஒன்பது நாள்

1893-ல் சிகாகோ சர்வமத மகாசபையில் பேசிப் புகழ் பெற்ற சுவாமி விவேகானந்தர் நான்கு வருஷம் கழித்துத் தாய்நாடு திரும்பினார். கொழும்பு, பாம்பன், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் என்று வழியெல்லாம் வரவேற்பு. பிப்ரவரி 6-ந் தேதி எழும்பூர் ரெயில் நிலையத்தில் இறங்கினார்.

கூட்டம் சொல்லி முடியாது. சாரட்டு வண்டியில் ஏற்றினார்கள். போகப் போக உற்சாகம் தாங்காத இளைஞர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். தாங்களே வண்டியை இழுத்தார்கள். வண்டி ஐஸ் ஹவுஸ் வாசலில் வந்து நின்றது.

சுவாமி அங்கே ஒன்பது நாள் தங்கினார். நீண்ட பயணத்தால் உடம்பு தளர்ந்திருந்தது. ஆனாலும் காலையில் கேள்வி கேட்க வருகிறவர்களுக்குப் பதில் சொன்னார். வெளியே கூட்டங்களில் பேசினார். மறுநாள் விக்டோரியா மண்டபத்தில் கூட்டம். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே கூச்சல் போட்டார்கள். சுவாமி வெளியே வந்து, ஒரு கோச்சு வண்டியின்மேல் ஏறி நின்று பேசினார். கண்ணபிரான் கீதை சொன்னதும் தேரில் நின்றுதானே!

இந்தியாவின் எதிர்காலம் பற்றிய கடைசிப் பேச்சுக்கு மண்டபம் போதவில்லை. சர்க்கஸ் கொட்டகையில் நடத்தினார்கள். மூவாயிரம் பேர் வந்தார்கள் என்பார்கள்.

புறப்படும்போது சென்னை அன்பர்கள், "எங்களுக்கு ஒருவரை அனுப்ப வேண்டும்" என்று கேட்டார்கள். அனுப்பி வைத்தார். அவர்தான் சுவாமி ராமகிருஷ்ணானந்தர்.

ஏலம்!

ராமகிருஷ்ணானந்தர் அடுத்த மாதமே வந்தார். சில நாள் வேறு வீட்டில் இருந்துவிட்டு, ஐஸ் ஹவுஸுக்கு மாறினார். பிலிகிரி அய்யங்கார் இடம் கொடுத்தார். தென்னாட்டில் ராமகிருஷ்ண மடம் இப்படித்தான், பழைய ஐஸ் கிடங்கில் தொடங்கியது.

பெரிய மாளிகையில் இருந்தாரே தவிர, கையில் காசு இல்லை. பூஜைக்குச் சாமான் வாங்க வழியில்லாத நாட்களும் உண்டு. ஆனால் ஊர் முழுக்கச் சுற்றி வகுப்பு நடத்தினார்.

1902-ல் பிலிகிரி அய்யங்கார் இறந்தார். 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது.

ஏலம் அந்த வீட்டு வாசலிலேயே நடந்தது. அன்பர்கள் தவித்தார்கள். நம் பக்கத்து ஆள் யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்று ஒவ்வொரு தொகையையும் ஓடி ஓடி வந்து சுவாமியிடம் சொன்னார்கள். அவர் ஒரு மூலையில் உடைந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யார் வாங்கினால் என்ன, தமக்கு வேண்டியது குருநாதர் படம் வைக்க ஒரு சின்ன அறைதான் என்றாராம்.

வீடு ஒரு ஜமீன்தார் கைக்குப் போனது. சுவாமி தோட்டத்துப் பக்கம் இருந்த சின்னக் கட்டடத்துக்கு மாறினார். 1907-ல் மயிலாப்பூரில் மடத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடைத்தது. அதன் பிறகு ஜமீன்தாரின் ஐஸ் ஹவுஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1917-ல் அரசாங்கம் அதை விலைக்கு வாங்கியது.

பதினொரு வயது விதவை

இந்த வீட்டின் கதையில் எல்லோரும் விவேகானந்தரைச் சொல்வார்கள். அதற்கு அடுத்து வந்தவர்களைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

சுப்புலட்சுமி 1886-ல் பிறந்தார். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் செய்தார்கள். பதினொரு வயதில் விதவையானார். கணவன் என்றால் என்னவென்று தெரியாத வயது!

அன்றைக்குப் பிராமணக் குடும்பங்களில் விதவை என்றால் என்ன கதி? தலையை மழித்துவிடுவார்கள். நார்மடிப் புடவை. ஒரே வேளைச் சாப்பாடு. நல்ல காரியத்துக்கு எதிரே வரக்கூடாது. வீட்டின் பின்கட்டில், அடுப்பங்கரையில், இருட்டில் ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும். ஆறு வயது, ஏழு வயதுக் குழந்தைகளுக்கும் விதவை என்ற பெயர் வந்தது.

சுப்புலட்சுமியின் தகப்பனார் மகளை அப்படி விடவில்லை. தலையை மழிக்கவில்லை. படிக்க வைத்தார். உறவினர் திட்டினார்கள். தெருவில் கேலி செய்தார்கள். அவரைப்போலவே சிறு வயதில் விதவையான சித்தி வாலாம்பாள் கூடவே துணை நின்றார். 1911-ல் சுப்புலட்சுமி மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்தான்.

பட்டம் வாங்கியதும் என்ன செய்தார்? எழும்பூரில் தகப்பனார் வீட்டில் நான்கு இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தார்.

அப்போது அரசாங்கத்துக்கும் ஒரு சிக்கல் இருந்தது. பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் வர வேண்டுமானால் ஆசிரியைகள் வேண்டும். ஆசிரியைகளுக்கு எங்கே போவது? கல்யாணமான பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கும் இளம் விதவைகளைப் படிக்க வைத்தால்? பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி இதற்காக அரசாங்கத்தோடு வாதாடினார். விதவைகளுக்கு விடுதி வந்தது. சில ஆண்டுகளில் அதற்கு இருப்பிடம் ஐஸ் ஹவுஸ்.

விதவைப் பெண்கள் அந்த வீட்டுக்குள் வந்தார்கள். பின்கட்டிலேயே இருந்தவர்களுக்கு எதிரே கடல்! தலை மழித்த சிறுமிகள் தாழ்வாரத்தில் நின்று அலையைப் பார்த்தார்கள். அதே சாலையில் 1914-ல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியும் இருந்தது.

சுப்புலட்சுமி அம்மாள் கெட்டிக்காரர். விடுதியில் மடி, ஆசாரம் எதையும் குறைக்கவில்லை. குறைத்தால் பெற்றோர் பெண்களை அனுப்பமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். இதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும் என்று இருந்ததும் குறைதான். ஆனால் அந்த ஆசாரக் கதவு வழியாகத்தான் பல பெண்கள் வெளியே வர முடிந்தது. மூலையில் இருந்தவர்கள் ஆசிரியை ஆனார்கள். மாதம் பிறந்தால் சொந்தச் சம்பளம் கையில் வாங்கினார்கள்.

1922-ல் பக்கத்திலேயே லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. சுப்புலட்சுமி அம்மாள் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பிறகு விதவை விடுதி போய், ஆசிரியைப் பயிற்சி பெறும் பெண்களின் விடுதியாக ஐஸ் ஹவுஸ் பல வருஷம் இருந்தது. ஊர் முழுவதும் அவரைச் "சகோதரி" என்றே அழைத்தது. 1958-ல் அரசாங்கம் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. 1969 டிசம்பர் 20-ந் தேதி அவர் காலமானார்.

இப்போது

1963-ல் விவேகானந்தர் நூற்றாண்டு விழா வந்தது. அரசாங்கம் வீட்டுக்கு "விவேகானந்தர் இல்லம்" என்று பெயர் சூட்டியது. 1997-ல், அவர் வந்து தங்கிச் சரியாக நூறு ஆண்டு ஆனபோது, வீடு ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகையாகக் கிடைத்தது. ஏலத்தில் போன வீட்டுக்கு மடம் தொண்ணூறு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது! பழுது பார்த்து, 1999-ல் கண்காட்சி திறந்தார்கள்.

விவேகானந்தர் தங்கிய அறை இப்போது தியான அறை. பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் வெளியே வந்ததும் ஒரு தடவை நிமிர்ந்து உச்சியில் உள்ள அன்னாசிப் பழத்தைக் காட்டலாம். டூடரின் ஊர்ப் பக்கத்தில் வீட்டின்மேல் அன்னாசிப் பழம் வைத்தால் "வாருங்கள், வாருங்கள்" என்று விருந்தாளியைக் கூப்பிடுவதாக அர்த்தம்.

அங்கே போக வழி கேட்டால் மட்டும் விவேகானந்தர் இல்லம் என்று சொல்வதோடு நிற்க வேண்டாம். ஐஸ் ஹவுஸ் என்றும் சொல்லுங்கள். ஐஸ் போய் நூற்று நாற்பது வருஷம் ஆகியும் திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது.